மந்தமான ஜோடி

வால்வு சூடேறப் பத்து நிமிடம் ஆகும். வள்ளி விழுப்புரம் வந்துவிட்டாளாம். பல்லவன் எக்ஸ்பிரஸ் இன்றைக்கென்று பார்த்து நேரத்துக்கு ஓடுகிறது, பன்னண்டுக்குள்ள உங்க வீட்டு வாசல்ல நிப்பேன் அத்தான், சமைச்சு கிமைச்சு வைக்காதீங்க, ஆத்தா ஒரு கூடை நிறையக் கட்டிக் குடுத்திருக்கு என்று போனில் கத்தினாள், பின்னால் யாரோ மசால் வடை மசால் வடை என்று நடந்துகொண்டிருந்தான், நான் சரி வா வா என்று சொல்லி வைத்தேன், வைத்த பிறகுதான் போன் கையில் வழுக்குவது தெரிந்தது. வியர்வை. மின்விசிறி ஓடினால் அதன் சத்தமும் காதுக்குள் வந்துவிடும் என்று நிறுத்தியிருக்கிறேன், ஜன்னலும் சாத்தியாயிற்று, குரோம்பேட்டையில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு எதையும் கேட்க முடியாது, விமானம் மொட்டைமாடியை உரசுகிற மாதிரி இறங்கும். மேசைமேல் செங்கல் அளவில் ஆம்ப்ளிஃபையர், ஹெட்போனுக்கென்றே செய்தது, அதன் முதுகில் பழைய ரேடியோவில் இருந்த மாதிரி கட்டைவிரல் உயரத்துக்கு இரண்டு கண்ணாடி வால்வுகள், இடது காதுக்கு ஒன்று, வலது காதுக்கு ஒன்று. இப்போது குத்தியிருப்பது புதுசு, ரஷ்யாவில் செய்தது. பக்கத்தில் பஞ்சு வைத்த டப்பாவில் பழையது, ஹாலந்தில் அறுபத்திரண்டில் செய்தது, கண்ணாடியின் அடியில் கண்ணை இடுக்கிப் பார்த்தால் மட்டும் தெரிகிற எழுத்துகள் அதைச் சொல்லும். மூன்றாவதாகச் சீனத்து ஜோடி ஒன்று, அதுவும் புதுசுதான், மந்தம் என்று ஒரே நாளில் ஒதுக்கி வைத்தது, இன்று காலையில் பரணில் ஏறித் தேடி எடுத்தேன். இத்தனை வருடம் நான் ஜோடி ஜோடியாக மாற்றிப் பார்த்ததெல்லாம் எது அதிகம் காட்டும் என்றுதான். இன்றைக்குத் தேடுவது எது காட்டாமல் விடும் என்று. வள்ளி இந்த நாற்காலியில் உட்கார்ந்து தன் அக்காவின் குரலைக் கேட்கும்போது ஒரே ஒரு இடம் அவள் காதில் விழாமல் போகவேண்டும். இரண்டாவது நிமிடம், பதினொன்றாவது நொடி. அதில் அரை நொடிகூடக் கிடையாது. அதை மூடிவிடக்கூடிய அளவுக்கு மட்டமான ஒரு வால்வு உலகத்தில் இல்லாமலா போகும்.

என் மனைவி உமையாள் பேசிய மூன்று நிமிடம் நாற்பது நொடி. ஹாலந்தில், ஐந்தோவனில் எங்கள் வீட்டுச் சமையலறையில் பதிவு செய்தது, பிப்ரவரி மாதம், வெளியே பனியும் இல்லாமல் மழையும் இல்லாமல் ஒரு சாம்பல் நிறம், நான் இரண்டு மைக் வாங்கி வந்திருந்தேன், காதளவு இடைவெளியில் ஸ்டாண்டில் மாட்டி அடுப்புக்கு எதிரே நிறுத்திவிட்டு ஏதாவது பேசு என்றேன். "என்னத்தப் பேசறது? மைக்க மூஞ்சிக்கு நேரா வச்சிட்டுப் பேசுன்னா யாருக்கு வரும்?" அதுவும் பதிவாகியிருக்கிறது, அங்கேதான் ஆரம்பம். பிறகு வாணலியில் எண்ணெய், கடுகு, அந்தக் கடுகு வெடிப்பதை நான் ஒவ்வொன்றாக எண்ணியிருக்கிறேன், பழைய ஜோடியில் இருபத்துமூன்று, புது ரஷ்ய ஜோடியில் பத்தொன்பது, நாலு கடுகு எங்கே போயிற்று என்று ஒரு சனிக்கிழமை முழுதும் யோசித்திருக்கிறேன். பிறகு அவள் பக்கத்து வீட்டு டச்சுக்காரம்மாவின் கதையைச் சொல்கிறாள், அந்தம்மாவுக்கு வெள்ளைப் பணியாரம் கொடுத்தனுப்பினாளாம், அந்தம்மா தட்டில் வைத்து முள்கரண்டியால் ஒரு பக்கம் பிடித்துக் கத்தியால் அறுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து கேட்டாளாம், இதுக்கு உள்ள என்ன வச்சிருக்கே, எனக்கு ஒண்ணும் கிடைக்கலையே என்று. அவ்வளவுதான் கதை. ஒலிப்பதிவு நன்றாக வந்திருந்தது. அறை அப்படியே இருந்தது, அவள் இடது பக்கமிருந்து வலது பக்கம் நகர்ந்து உப்பு டப்பாவை எடுப்பதுகூடத் தெரியும். மனிதக் குரலை விடக் கஷ்டமான பரீட்சை எந்த வால்வுக்கும் கிடையாது, அதுவும் தெரிந்தவர் குரல், கூடவே வாழ்கிறவர் குரல், அசல் பக்கத்து அறையில் நடமாடிக்கொண்டிருக்க நகலை இங்கே வைத்து ஒப்பிடலாம், இதைவிட வசதி யாருக்கு வரும், அன்றிலிருந்து எந்த வால்வு வாங்கினாலும் முதலில் உமையாள். அவள் துவைத்த துணியோடு என்னைக் கடந்து போவாள், நான் ஹெட்போனோடு கண்ணை மூடி அவளைக் கேட்டுக்கொண்டிருப்பேன், தோளில் தட்டுவாள், நான் ஒரு காதைத் திறப்பேன். "என்னைய எத்தன தடவதான் கேப்பீங்க? நேர்ல பேசினா ஒரு தடவகூடக் காதுல விழமாட்டேங்குது." சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். பழைய ஜோடிக்கு மாமியார் என்றும் புதுசுக்கு மருமகள் என்றும் பேர் வைத்திருந்தாள், மாமியாருக்குச் சூடேற நேரமாகும், ஏறினா இறங்காது, மருமக பளபளன்னு இருப்பா, வாயத் திறந்தா வெறும் இரைச்சல். நான் அதையெல்லாம் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து எழுதினால் உலகம் முழுவதும் சிரித்தார்கள்.

உலகம் என்றால் வால்வுப் பைத்தியங்களான எங்கள் இணையக் குழு, முந்நூறு பேர் இருப்போம், பின்லாந்து, பிரேசில், போர்ட்லாண்ட், யாரும் யாரையும் பார்த்ததில்லை. அவர்களுக்கு அந்தப் பதிவைப் பகிர்ந்தேன். மொழி தெரியாததே நல்லது என்றார்கள், அர்த்தம் குறுக்கே வராது, ஒலியை மட்டும் கேட்கலாம். ஒரு வருடத்துக்குள் அதற்கு ஒரு பேரும் வந்துவிட்டது, கிச்சன் லேடி. கிச்சன் லேடியில் இந்த ஜோடி எப்படி, கிச்சன் லேடியின் கடுகு எத்தனை. அந்த இரண்டு பதினொன்று, அதையும் முதலில் கண்டுபிடித்து எழுதியவன் நான்தான். இதுக்கு உள்ள என்ன வச்சிருக்கே என்று சொல்ல வந்தவள் 'இதுக்கு' என்பதற்கும் 'உள்ள' என்பதற்கும் நடுவே ஒரு மூச்சு எடுக்கிறாள், புது வால்வில் அது ஒரு கோடு, பழைய வால்வில் மூன்று படி, உள்ளே போகிறது, நிற்கிறது, மறுபடி போகிறது, நிற்கிறது, மறுபடி. அந்த மூன்று படி கேட்டால் உங்கள் வால்வு நல்ல வால்வு, கேட்காவிட்டால் மாற்றுங்கள் என்று எழுதினேன். டீடெய்ல் என்று எழுதினேன், டெக்ஸ்சர் என்று எழுதினேன். இரண்டு மொழியில் படித்தவன் நான், அலுவலகத்தில் ஒன்று வீட்டில் ஒன்று என்று முப்பது வருடம் மாற்றி மாற்றி மாட்டிக்கொண்டு திரிந்தவன், அந்த மூன்று படியைப் பற்றி ஒரே ஒரு நாள், ஒரே ஒரு தடவை, தமிழில் நினைத்துப் பார்த்திருந்தால். நினைக்கவில்லை. ஏனென்றால் அது உமையாளிடமிருந்து வருவதாக எனக்குத் தோன்றவே இல்லை, வால்விலிருந்து வருவதாகத்தான் தோன்றியது. பின்லாந்துக்காரன் ஒருவன் கேட்டான். இரண்டாயிரத்துப் பதினைந்து, செப்டம்பர், பக்கம் நாற்பத்தொன்று, இப்போதும் இருக்கிறது, போன மாதம் தேடிப் பார்த்தேன், இருந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டு தேடினேன், இருந்தது. அந்த அம்மாவுக்கு ஆஸ்துமா ஏதாவது உண்டா? அவ்வளவுதான் கேட்டிருந்தான். அதற்குக் கீழே என் பதில். இல்லை நண்பரே, அது இந்த ஜோடியின் துல்லியம். கூடவே ஒரு சிரிக்கிற மஞ்சள் முகம். பதினேழு பேர் ஆமோதித்திருந்தார்கள்.

பத்து நிமிடம் ஆகிவிட்டது. மாட்டிக்கொள்கிறேன். என்னத்தப் பேசறது, மைக்க மூஞ்சிக்கு நேரா. கடுகு. கடுகை எண்ணாதே, எண்ணாதே என்றால் எண்ணத்தான் செய்கிறது, பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது, ரஷ்ய ஜோடியில் மாற்றமில்லை. அந்தம்மா தட்டுல வச்சு முள்கரண்டில ஒரு பக்கம் புடிச்சு. இதுக்கு. கேட்டுவிட்டது. கோடுதான், படி இல்லை, ஆனால் கேட்டுவிட்டது. ஒலியைக் குறைத்துப் பார்க்கிறேன், குறைத்தால் மற்றதெல்லாம் பின்னுக்குப் போகிறது, அது மட்டும் போகமாட்டேன் என்கிறது. முதலில் எனக்கு அந்த ஒரு இடம்தான் தெரியும். அவள் போன பிறகு உட்கார்ந்து கேட்டதில் இன்னும் மூன்று இடம் அகப்பட்டது, நாற்பத்தெட்டாவது நொடியில் ஒன்று, ஒன்று முப்பதில், மூன்று இரண்டில், உப்பு டப்பாவை எடுக்கப் போய்த் திரும்புகிற இடத்தில். நாலு நிமிடம்கூடப் பேசவில்லை, நாலு தடவை. எண்ணெயின் இரைச்சல் அந்த மூன்றையும் ஓரளவு மூடிக்கொள்கிறது, இரண்டு பதினொன்றில் எண்ணெய் இல்லை, அங்கே மட்டும் அடுப்பைத் தணித்துவிட்டாள், கதையின் முக்கியமான இடம் வருகிறதல்லவா, நான் கவனமாகக் கேட்கட்டும் என்று தணித்திருப்பாள். அவள் குரல் எனக்கு இப்போது கேட்பதே இல்லை, இதுதான் யாரிடமும் சொல்ல முடியாதது, இத்தனை ஆயிரம் தடவை பரீட்சை வைத்து வைத்து அந்தக் குரலைத் தேய்த்துவிட்டேன், 'ச' வருகிற இடத்தில் 'ச' கூசுகிறதா என்று பார்க்கிறேன், 'ம்' வருகிற இடத்தில் அடிக்குரலின் கனத்தைப் பார்க்கிறேன், உமையாள் எங்கே என்று தேடினால் ஒரு சமையலறை மட்டும் இருக்கிறது, சரியான அளவில், சரியான இடைவெளியில், ஆள் இல்லாமல். போனில் அவள் எடுத்த வீடியோக்கள் இருக்கின்றன, எல்லாவற்றிலும் அவள் கேமராவுக்குப் பின்னால்தான், சிரிங்க, இன்னும் கொஞ்சம் தள்ளி நில்லுங்க, அவ்வளவுதான் பேச்சு. முழுதாகப் பேசுவது இது ஒன்று. இதில் என் காதுக்கு மிச்சமிருப்பது அந்த நாலு மூச்சு.

சென்னை வந்த அடுத்த வருடம், இரண்டாயிரத்து இருபத்தொன்றில், ஆஸ்பத்திரியில் டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை அவள் முதுகில் வைத்துவிட்டு நிமிர்ந்து ஸ்கேன் படத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார், நுரையீரல் நார் நாராக இறுகிக்கொண்டு வருகிறது, இன்று நேற்று வந்ததில்லை. "ஆறேழு வருஷமா மெதுவா வந்திருக்கணும். பேசிட்டிருக்கும்போது நடுவுல நடுவுல மூச்சு எடுத்திருப்பாங்களே சார், நீங்க கவனிச்சிருப்பீங்களே? அப்பவே வந்திருந்தா கொஞ்சம் தள்ளிப் போட்டிருக்கலாம்." நான் அவள் முகத்தைப் பார்த்தேன். மூக்கில் குழாயோடு கட்டிலில் சாய்ந்திருந்தவள் டாக்டரிடம் சொன்னாள், "அவுக காது ரொம்பக் கூர்மை டாக்டர். ஒண்ணும் தப்பாது." கிண்டலா, எனக்குப் பரிந்து பேசினாளா, இந்த மூன்று வருடத்தில் அதை எத்தனை விதமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டேன், அந்த வாக்கியம் மட்டும் பதிவில் இல்லை, இருந்திருந்தால் அதையும் மூன்று ஜோடியில் போட்டுப் பார்த்திருப்பேன், எந்த ஜோடியில் கிண்டல் தெரிகிறது என்று. ஐந்தோவனில் மாடி ஏறினால் இளைக்கிறது என்பாள், குளிர் என்பேன், அவளும் குளிர்தான் என்பாள், அந்தக் குளிரைச் சொல்லித்தான் வேலையை விட்டு இங்கே வந்ததே. போன வருடம் அவளைக் கொண்டுபோய் எரித்துவிட்டு வந்த அன்று, தலைகூட உலரவில்லை, வள்ளி என் எதிரே தரையில் உட்கார்ந்து கேட்டாள், "முன்னாடியே ஒண்ணுமே தெரியலையா அத்தான்? ஒரு இருமல், ஒரு இளைப்பு, எதுவுமா? ஆத்தா கேட்டுக்கிட்டே இருக்கு." நான் சொன்னேன், இல்ல வள்ளி, சத்தியமா ஒண்ணுமே தெரியல. சத்தியமாக என்ற வார்த்தை ஏன் வந்தது, யாரும் சத்தியம் கேட்கவில்லையே. அவள் நம்பினாள். காரைக்குடியில் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், எதையும் ரெண்டு தடவை சரிபார்க்கிறவள், என்னைச் சரிபார்க்கவில்லை. பிறகு யார் மூலமாகவோ இப்படி ஒரு பதிவு இருப்பது தெரிந்து, அனுப்புங்க அத்தான், ஆச்சி கொரலக் கேக்கணும் என்றாள், எங்கள் பக்கத்தில் அம்மாவை ஆத்தா என்றும் அக்காவை ஆச்சி என்றும்தான் கூப்பிடுவது. போனில் கேட்டால் நல்லா இருக்காது வள்ளி, இங்க வந்து முறையாக் கேளு என்று தள்ளினேன், ஒரு தடவை, இரண்டு தடவை, ஐந்து தடவை. முறையாக. என் பெருமையே என்னைக் கொண்டுவந்து மூலையில் நிறுத்திவிட்டது, லீவு போட்டு ரயிலேறி வருகிறாள், முறையாகக் கேட்க.

செங்கல்பட்டு என்று போன், ஒன்றரை மணி நேரம் இதிலேயே போய்விட்டது. "ஏரி தெரியுது அத்தான். தாம்பரத்துல எறங்கி ஆட்டோ புடிச்சிர்றேன். மிசின எல்லாம் சூடு பண்ணி வச்சிட்டீங்களா?" ஆச்சு ஆச்சு என்கிறேன். ரஷ்ய ஜோடியைப் பிடுங்கவேண்டும், ஆறுகிற வரை காத்திருக்க நேரமில்லை, துணியைச் சுற்றிப் பிடுங்கியும் சுட்டுவிட்டது, கட்டைவிரலில் வெள்ளையாக ஒரு வட்டம். சீனத்து ஜோடி. ஒன்பது ஊசி, ஒன்று லேசாக வளைந்திருக்கிறது, நகத்தால் நிமிர்த்துகிறேன், கை நடுங்கினால் உடைந்துவிடும், உடையட்டுமே, உடைந்துவிட்டால் இன்றைக்கு மிசின் ரிப்பேர் வள்ளி என்று சொல்லிவிடலாம், உடையவில்லை, உட்கார்ந்துகொண்டது. மறுபடி பத்து நிமிடம். வெட்டி எறிந்துவிடலாம்தான், யார் வேண்டாமென்றது, கம்ப்யூட்டரில் அந்த அரை நொடியை மட்டும் இழுத்து நீக்கினால் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொள்ளும், நான் ஒட்டினால் எந்தக் காதுக்கும் தெரியாது. போன வாரம் உட்கார்ந்தேன், அந்த இடத்தைக் குறித்தும் விட்டேன், திரையில் அது ஒரு சின்ன மேடு, எறும்பு மண் தள்ளிய மாதிரி, அழிக்கிற பொத்தானில் விரல் இருக்கிறது, அப்போது தோன்றியது, கடைசி இரண்டு மாதம் அவள் எதற்காகத் தவித்தாளோ அதைத்தான் நான் அவளிடமிருந்து எடுக்கப் பார்க்கிறேன். கம்ப்யூட்டரை மூடிவிட்டுக் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். வெட்டக்கூடாது என்றால் மறைப்பது மட்டும் கூடுமா, வால்வை மாற்றினால் நான் செய்ததில்லை, வால்வு செய்தது, அப்படித்தானே, இருபது வருடமாக எல்லாவற்றையும் வால்வின் தலையில் கட்டியே பழகிவிட்டது.

வால்வுகளுக்குள் சிவப்புப் பொட்டுகள் இரண்டும் நின்று எரிகின்றன. மாட்டிக்கொள்கிறேன். மந்தம்தான், நான் அன்று எழுதியது தப்பில்லை, உமையாள் போர்வைக்குள்ளிருந்து பேசுகிறாள், கடுகு வெடிப்பது மழை மாதிரி ஒரே சத்தமாகக் கலந்துவிட்டது, எண்ண முடியவில்லை, உப்பு டப்பா எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை, நல்லது, நல்லது, அறையே இல்லை, முள்கரண்டி, ஒரு பக்கம் புடிச்சு, இதுக்கு. கேட்டதா? மறுபடி போடு. இதுக்கு. கேட்கிறது. இல்லை, கேட்கவில்லை, எனக்குத் தெரியும் என்பதால் கேட்கிறது. மறுபடி. தெரியாத ஒருவர் கேட்டால் எப்படி இருக்கும் என்று தெரியாத ஒருவராக இருந்து கேட்டுப் பார்க்கிறேன், அது எப்படி முடியும், எழுத்து தெரிந்தவன் கடைப் பலகையைப் படிக்காமல் பார்ப்பது போல. ஒலியே இல்லாமல் வைத்துக் கடிகாரத்தை மட்டும் பார்க்கிறேன், இரண்டு ஒன்பது, இரண்டு பத்து, இரண்டு பதினொன்று, கேட்கிறது. ஹெட்போனைக் கழற்றி வைத்தாலும் கேட்கிறது. அப்படியானால் இது எந்த ஜோடி, யார் செய்தது, இதை எங்கே பிடுங்கி எதை மாட்டுவது. தலைக்கு மேல் ஒரு விமானம் போகிறது, ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது, வால்வுகள் லேசாக ணங் என்கின்றன, வாசல் மணி அடிப்பதை நான் இரண்டாவது தடவைதான் கேட்டேன்.

"என்ன அத்தான், வீட்ட அடுப்பு மாதிரி வச்சிருக்கீங்க? ஃபேன் போட மாட்டீகளா?" கூடையை இறக்கினாள், முந்தானையால் முகத்தைத் துடைத்தாள், உமையாள் படத்துக்கு முன் ஒரு நிமிடம் நின்றாள், பிறகு நேராக வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள், தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. "மொதல்ல ஆச்சி. அப்புறம் சாப்பாடு. இத எப்படி மாட்டணும்?" மாட்டிவிட்டேன். ஹெட்போன் மாட்டியவர்கள் எல்லோரையும் போல உரக்கக் கத்தினாள், "கேக்குது அத்தான்! எண்ணெ காயுது!" பிறகு கண்ணில் நீர் வந்துவிட்டது, துடைக்கவில்லை, அப்படியே சிரிக்கவும் செய்தாள், "அய்ய, மைக்கப் பாத்து வெக்கப்படுது", நான் கடிகாரத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன், பார்க்காவிட்டாலும் தெரியும், இப்போது தட்டு, இப்போது முள்கரண்டி, இப்போது. வள்ளி முன்னால் குனிந்தாள். முடிந்ததும் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "அந்த எடத்துல சிரிப்ப அடக்குது பாத்தீங்களா? உள்ள என்ன வச்சிருக்கேன்னு சொல்ல வருதுல்ல, அதுக்கு முன்னாடி. ஆச்சிக்கு எப்பவும் அப்படித்தான், கத சொல்ல வந்தா கதைக்கு முந்தி சிரிப்பு வந்துரும்" என்றாள். ஆமா என்றேன். சிரிப்புதான் என்றேன். ஒரு வருடமாகத் தூக்கிக்கொண்டு திரிந்த மூட்டையை யாரோ வாங்கி வைத்துவிட்ட மாதிரி ஒரு கணம், ஒரே கணம்தான், உடனே அது வேறு விதமாக ஏறி உட்கார்ந்தது. இவளுக்குத் தெரியவில்லை. இனி தெரியவும் போவதில்லை. என்னைக் கேட்கக்கூடிய ஒரே ஆள் இவள், இவள் கேட்கமாட்டாள், நான் இந்த வீட்டில் அந்த நாலு மூச்சோடு தனியாக உட்கார்ந்து கிழவனாகவேண்டியதுதான். என் வாய் சொல்லிக்கொண்டிருந்தது, "இரு வள்ளி, இது மட்டமான வால்வு. பழைய ஜோடியில போடறேன், இன்னும் தெளிவா இருக்கும்." "எனக்கு இதே நல்லாத்தான் இருக்கு அத்தான்." "இல்ல, கேளு. நீ கேளு." எதற்கு அப்படிச் சொன்னேன், காலையிலிருந்து பரண் ஏறியது எதற்கு, கை அதுபாட்டுக்குச் சீனத்து ஜோடியைப் பிடுங்குகிறது, சுடுகிறது, பஞ்சு டப்பாவைத் திறக்கிறது.

மாமியார் சூடேறுவதற்குள் அவள் கூடையைப் பிரித்தாள், புளியோதரை, வாழைப்பூக் கோலா உருண்டை, ஒரு டப்பாவில் மாவடு, இலையை நறுக்கிப் போட்டு என்னையும் உட்காரச் சொன்னாள். "ஆத்தா இன்னமும் பொலம்பிக்கிட்டேதான் இருக்கு. அவ்வளவு நாள் கூடவே இருந்தவுகளுக்கு ஒண்ணுமா தெரியலன்னு. நான் சொன்னேன், அத்தான் ஒரு கடுகு கூடக் கொறஞ்சா கண்டுபுடிக்கிறவுக, அவுகளுக்கே தெரியலன்னா அது யாருக்கும் தெரியாத வியாதின்னு. அதுக்கப்புறம் சும்மா இருக்கு." நான் கோலாவைப் பிட்டு வாயில் வைத்தேன், மெல்ல மெல்ல அது பெருகிக்கொண்டே போயிற்று. பத்து நிமிடத்துக்குப் பதினைந்து நிமிடமே கொடுத்தேன். மாட்டிவிட்டேன். "ரெண்டு பதினொண்ணுல நல்லாக் கவனி" என்று விரலால் திரையைக் காட்டினேன், விரல் அங்கேயே நின்றது. கவனித்தாள். டீச்சர் கவனிக்கிற கவனம், புருவம் சேர்ந்து, உதடு லேசாகப் பிரிந்து. பிறகு முகம் மலர்ந்தது. "ஆமாத்தான்! நீங்க சொன்னது சரிதான், இதுல எவ்வளவு தெளிவாத் தெரியுது. மூணு தடவயா வருது பாருங்க சிரிப்பு. மொதல்ல அடக்குது, முடியல, திரும்ப அடக்குது, திரும்ப வருது." அறுபது வருடத்துக் கண்ணாடி, எந்தக் குறையும் வைக்கவில்லை, மூன்று படியையும் அவள் காதில் இறக்கிவிட்டது. நல்ல ஜோடி. இதை விட நல்ல ஜோடி செய்ய யாராலும் முடியாது. "எனக்கு இத அனுப்புங்க அத்தான், நல்லா இருக்கோ இல்லையோ போன்லயே வச்சுக்கிறேன்" என்றாள், அனுப்பினேன், மறுப்பதற்கு என்ன இருக்கிறது, அது என் கையை விட்டு அவள் கைக்குப் போகும்போது ஸ்வி என்று ஒரு சத்தம். "ஆத்தாவுக்கும் போட்டு விட்டுட்டேன். அதுக்கு ஒரு காது மந்தம், இருந்தாலும் சத்தமா வச்சாக் கேக்கும். சந்தோசப்படும், பாவம்."

இலையை மடித்துக்கொண்டிருந்தபோது அவள் போன் அடித்தது. எச்சில் கையோடு முழங்கையால் ஸ்பீக்கரைத் தட்டிவிட்டாள். ஆத்தாதான். அந்தப் பக்கம் அறைக்குள் உமையாள் ஓடிக்கொண்டிருந்தாள், காரைக்குடியில், இன்னொரு போனின் கிழிந்த ஸ்பீக்கரில், தகரத்தில் அரைத்த மாதிரி ஒரு குரல், கடுகு இல்லை, அறை இல்லை, இடது வலது எதுவும் இல்லை. "ஆத்தா, கேட்டியா? ஆச்சி எப்படிச் சிரிப்ப அடக்குது பாத்தியா?" என்றாள் வள்ளி.

"என்னடி சிரிப்பு," என்றது ஆத்தாவின் குரல். "புள்ளைக்குப் பேச முடியாம மூச்சு வாங்குது. நாலு எடத்துல நின்னு நின்னு பேசுது. ஒடம்பு முடியாமக் கெடக்கையில எதுக்குடி அவளப் போட்டுப் பேசச் சொன்னாரு மாப்ள? எப்ப எடுத்தது இது, ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு மொத நாளா?"

வள்ளி போனைப் பார்த்தாள். மறு கையால் அதை நிறுத்தவில்லை. மேசைமேல் இருந்த ஹெட்போனைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள், வகுப்பில் விடை சரியாக இருந்து வழி தப்பாக இருக்கிற நோட்டைப் பார்ப்பது போல, கோபம் இன்னும் வராத முகம்.

"ஆத்தா கேக்குது. எப்ப எடுத்தது அத்தான்?"

"ரெண்டாயிரத்துப் பதினாலு," என்றேன். "பிப்ரவரி."